ஃபிரான்ஸ் கையிலிருந்த துப்பாக்கி

சாகோ, பராகுவாய்
12 ஜனவரி 1941

அன்புத் தங்கச்சி அகனேட்டா,

இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ கனடாவுக்குப் புறப்பட்ட அன்று, ரயிலடியில், வறுத்த ரொட்டி மூட்டையை உன் கையில் கொடுத்துவிட்டு என்ன சொன்னேன்? "நேட்டா, ராஜா இருக்கிற ஊருக்குப் போற. ராஜா இருந்தா பட்டாளம் இருக்கும். பட்டாளம் இருந்தா ஒருநாள் உன் மவனக் கூப்பிடுவான்" என்றேன். நீ அழுதுகொண்டிருந்தாய், எஞ்சின் வேறு ஊதியது, காதில் விழுந்திருக்காது. ஆனால் சொன்னேன். பதினைந்து வருடம் கழித்து உன் நவம்பர் கடிதம் வருகிறது, டீட்ரிக்கைப் பட்டாளத்துக்கு அழைத்திருக்கிறார்கள் என்று. டீனாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஏதாச்சும் ஒண்ணாவது உங்களுக்கு முன்னாடியே தெரியாம நடந்திருக்கா?" என்று கேட்டாள். பெண்டாட்டியே ஒத்துக்கொள்கிறாள், பார்.

இங்கே அந்தக் கவலை இல்லை. எங்கள் பிள்ளைகள் துப்பாக்கி தூக்க வேண்டாம் என்று இந்த நாட்டில் சட்டமே போட்டு வைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் யோசித்துத்தான் நான் கனடாவை வேண்டாம் என்று தள்ளினேன். என் கண்ணில் நோய் என்று டாக்டர் திருப்பி அனுப்பியதாகச் சிலர் சொல்வார்கள். அது சும்மா ஒரு சாக்கு. வடக்குக் காற்று அடித்தால் இங்கே வாயெல்லாம் மண்தான், போன மாதம் வெட்டுக்கிளி வந்து வேர்க்கடலைச் செடியைக் காம்பு வரை தின்றுவிட்டது. ஆனாலும் இந்தக் கிராமத்தில் என் காளைகளுக்கு நிகரான காளை இல்லை.

ஆயுதம் எடுக்கக் கூடாது என்கிற டீட்ரிக்கின் விசுவாசம் உண்மையா என்று நீதிபதி மார்ச்சில் விசாரிப்பார் என்று எழுதியிருந்தாய். பயப்படாதே. என்ன குடும்பத்துப் பிள்ளை அவன்! இந்நேரம் அது உலகத்துக்கே தெரிந்திருக்கும். நம் ஜனங்களின் வாரத்தாளில் டிசம்பரில் என் கடிதம் வந்திருக்கிறது, பார்த்தாயா? பக்கத்து வீட்டுக் கிளாசன் எழுதியதைத்தான் முதலில் போட்டார்கள். நாம் எல்லாரும் விட்டுவந்த பழைய ஊரில் கொள்ளைக் கூட்டம் வந்தபோது அவன் சித்தப்பா பன்றித் தொடையை நீட்டி, "சாப்பிட்டுப் போங்க" என்றாராம். இது ஒரு கதை! எனக்குப் பொறுக்கவில்லை. உன் புருஷன் ஃபிரான்ஸ் குதிரைக் கொட்டகை வாசலில் துப்பாக்கியோடு நின்று ஏழு குதிரைக்காரர்களை எதிர்த்ததையும், ஒருத்தன் தொப்பி பறந்து கிணற்றில் விழுந்ததையும் எழுதினேன். வீட்டில் பேசுகிற நாட்டுப் பேச்சில் அல்ல, சபையில் பிரசங்கம் பண்ணுகிற வேத ஜெர்மனில். நாலே குளிர்காலம் பள்ளிக்கூடம் போனவன் எழுதியது என்று ஒருத்தனும் நம்பவில்லை.

இனி உன் சபையில் உனக்கு முன்பெஞ்சுதான்.

உன் அண்ணன்
இஸ்பிராண்ட்

---

மானிட்டோபா, கனடா
9 மார்ச் 1941

அண்ணா,

முன்பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். நீதிபதியின் முன்னால்.

நீ எழுதியது எனக்கு முன்பே அவர் மேசைக்கு வந்துவிட்டது. யாரோ கத்தரித்து, ஆங்கிலத்தில் மாற்றி, அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். டீட்ரிக் நான்கு மாதமாக வேத வசனங்களைப் படித்து வைத்திருந்தான். அவர் ஒரு வசனமும் கேட்கவில்லை. அந்தத் துண்டுத் தாளை எடுத்து வாசித்தார். எங்கள் மூப்பர் என்ஸ் பக்கத்தில் நின்று, நீதிபதி சொன்னதை எனக்கு நம் பேச்சில் சொன்னார்.

"உங்கப்பா சண்ட போட்ட ஆளு. நீ மட்டும் எப்படிப்பா சண்ட போடாத ஜனம் ஆன?"

"அப்ப எனக்கு எட்டு மாசம் ஐயா."

"உன் மாமாவே எழுதியிருக்காரே. ஏழு பேராம். தொப்பி கிணத்துல விழுந்துதாம்." பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். சத்தியம் செய்யச் சொன்னார்கள். "நாங்க ஆணையிடறதில்ல. ஆம்னா ஆம், இல்லன்னா இல்ல" என்றேன். நீதிபதிக்குக் கோபம் இல்லை. அதுதான் மோசம். "ரொம்ப நல்லதும்மா. அந்த ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க. உங்க புருஷன் கையில துப்பாக்கி இருந்துதா?"

நான் என்ன சொல்வேன்? நிலவறையில் இருந்தேன், டீட்ரிக் மடியில் தூங்கினான். ஒரு வெடிச் சத்தம் கேட்டது. பார்த்தவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான். ஆம் என்று சொல்லத் தெரியவில்லை, இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. "தெரியாது" என்றேன். பெற்ற மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை எழுத எனக்கு எந்த மொழியிலும் வார்த்தை இல்லை.

அக்டோபர் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். நேரில் கண்டவரின் வாக்குமூலம் வேண்டும், அவருடைய சபை மூப்பர் கையெழுத்தோடு. இல்லையென்றால் டீட்ரிக் சீருடை போட வேண்டும். போட மாட்டான், எனக்குத் தெரியும். அப்படியானால் சிறை.

இந்த நாட்டில் நான் பதினைந்து வருடம் இருந்துவிட்டேன். வின்னிபெக்கில் ஆங்கிலேயர் வீட்டுத் தரைகளைத் தேய்த்தேன். பீட் கிழங்கு வயலில் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து களை எடுத்தேன். முழங்காலில் நின்று ஜெபிக்க எனக்குத் தனிப் பழக்கம் தேவைப்படவில்லை. இவ்வளவுக்கும் காரணம் ஒன்றுதான். என் மகன் யாரையும் கொல்லாமல் வளர வேண்டும். கொள்ளைக்காரன் என் புருஷனை எடுத்தான். மகனை நீ எடுக்கப் பார்க்கிறாய், தாளும் பேனாவும் வைத்து.

ஃபிரான்ஸ் கையில் துப்பாக்கி இருந்ததா? காளை வேண்டாம், கடலை வேண்டாம். இதற்கு மட்டும் பதில்.

அகனேட்டா

---

சாகோ
4 மே 1941

அகனேட்டா,

பெரியவனுக்கு எழுதுகிற கடிதமா இது? அப்பா இருந்திருந்தால் உன் பேனாவைப் பிடுங்கி அடுப்பில் போட்டிருப்பார். உன் புருஷனைத் தாழ்த்தியா எழுதினேன்? தூக்கி எழுதினேன்! தூக்கியவனுக்கு இதுதான் கூலியா?

சரி, கேட்கிறாய், சொல்கிறேன். அந்தப் பத்திரிகைக்காரர்கள் ஏதோ மாற்றிவிட்டார்கள். நான் ஏழு என்று எழுதியிருக்க மாட்டேன். ஐந்து என்றுதான் ஞாபகம். தொப்பி பறந்தது என்றால் காற்று அடித்திருக்கும், அதற்கு நானா பொறுப்பு? துப்பாக்கி என்று நான் எழுதினது ஒரு பேச்சுக்கு. இப்போது நன்றாக யோசித்துப் பார்த்தால் அது வைக்கோல் குத்துகிற முட்கோல். தூரத்திலிருந்து பார்த்தேன், வயலில் நின்றேன், வெயில் கண்ணில் பட்டது. கண் நோய் எனக்கு அப்போதே ஆரம்பித்திருக்கலாம்.

ஆக, முட்கோல். இத்துடன் ஒரு வாக்குமூலம் வைத்திருக்கிறேன். "ஃபிரான்ஸ் தைசன் கையில் முட்கோல் தவிர யாதொரு ஆயுதமும் இருந்ததில்லை" என்று வேத ஜெர்மனில் மூன்று தடவை எழுதியிருக்கிறேன், ஒரு தடவை அடிக்கோடிட்டு. மூப்பர் ரெம்பல் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "இது ஆமா ஆமாவா, இல்ல இஸ்பிராண்ட் ஆமாவா?" என்று கேட்டார், எல்லாரும் மாட்டே இலைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இடத்தில். கிளாசன் சிரித்துப் புரையேறினான். இந்த ஊரில் நம்ப முடியாத ஆமாவுக்கு என் பெயரை வைத்திருக்கிறார்கள், தெரியுமா? மழை வரும் என்று ஒருத்தன் சொன்னால், "நெசமாவா, இஸ்பிராண்ட் மழையா?" என்கிறார்கள். பொறாமை.

கையெழுத்தை நீயே அங்கே யாரிடமாவது வாங்கிக்கொள். நீதிபதிக்கு என்ன தெரியப்போகிறது?

இஸ்பிராண்ட்

---

மானிட்டோபா
29 ஜூன் 1941

இஸ்பிராண்ட்,

அண்ணா என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

உன் வாக்குமூலத்தை மூப்பரிடம் காட்டவில்லை. அடுப்பில் போட்டு அதில் காப்பி வைத்தேன்.

இருபத்தோரு வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது உனக்குச் சொல்கிறேன். ஃபிரான்ஸை நான்தான் கழுவினேன். அம்மா தண்ணீர் ஊற்றினாள். வலது கையைப் பிரித்தபோது உள்ளங்கை கறுப்பாக இருந்தது. மண் என்று நினைத்து சோப்புப் போட்டேன். போகவில்லை. முகர்ந்து பார்த்தேன். எண்ணெய். தையல் மிஷின் எண்ணெய் மாதிரி, இரும்பு வாசனையோடு. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "நல்லா தேயி" என்று மட்டும் சொன்னாள். தேய்த்தேன். வெள்ளையாகும் வரை தேய்த்துத்தான் பெட்டியில் வைத்தேன்.

முட்கோலில் எண்ணெய் ஏது?

நீதிபதி கேட்டபோது "தெரியாது" என்றேன். பார்க்கவில்லை, அது உண்மை. ஆனால் அந்தக் கை எனக்குத் தெரியும். அன்றிலிருந்து ஒவ்வொரு இராப்போஜனத்திலும் அப்பத்தைக் கையில் வாங்கும்போது அந்த வாசனை வருகிறது. என் புருஷன் கொல்லத் துணிந்து செத்தானா? ஜெபித்துக்கொண்டு செத்தானா? இருபத்தோரு வருடம் இந்தக் கேள்வியோடு தரை தேய்த்திருக்கிறேன். நீ இதை எடுத்துத் தொப்பி வைத்து, குதிரை ஏற்றி, ஊருக்கு வேடிக்கை காட்டிவிட்டாய். அடுத்த கடிதத்தில் எல்லாவற்றையும் முட்கோலால் மூடப் பார்க்கிறாய்.

நாம் ஆணையிடாத ஜனம். ஆணையிடாதவனிடம் இருப்பது வாய்ச்சொல் ஒன்றுதான். நீ அதைக் கடலைத் தோல் மாதிரி துப்பிக்கொண்டே வந்தாய். இப்போது என் மகன் உயிருக்கு உன் ஒரே ஒரு சொல் தேவைப்படுகிறது, உன்னிடம் அது இல்லை.

டீட்ரிக் உன்னைத் திட்டவில்லை. "மாமாவுக்குச் சொல்லுங்கம்மா, அப்பா சுட்டிருந்தாலும் பரவால்ல, எனக்குத் தெரிஞ்சா போதும். ஜெயிலுக்குப் போனாலும் தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்" என்கிறான். அவன் மன்னிப்பான். அவன் என் வயிற்றில் பிறந்தவன், ஆனால் குணம் என்னுடையது அல்ல.

உண்மை வரட்டும். வராவிட்டால் இனி உன் கடிதம் எதையும் தபால்காரரிடமிருந்து வாங்க மாட்டேன்.

அகனேட்டா

---

சாகோ
17 ஆகஸ்ட் 1941

அகனேட்டா,

இந்தக் கடிதத்தில் நான் முன்பே சொன்னேன் என்று எதுவும் கிடையாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

துப்பாக்கி என்னுடையது.

ஃபிரான்ஸ் செத்ததற்கு முந்தின வருடம் ஜெர்மன் சிப்பாய்கள் நம் ஊரில் தங்கியிருந்தபோது வாலிபர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார்களே, அப்போது ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டேன். அப்பா கண்ணில் பட்டால் தோலை உரிப்பார் என்று உன் கொட்டகையில், குதிரைத் தவிட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். சனிக்கிழமைதோறும் குதிரை பார்க்க வந்தேனே, குதிரை பார்க்க வரவில்லை. எண்ணெய் போட வந்தேன்.

அன்று மத்தியானம் ரோட்டில் தூசி எழும்பியது. நாலு பேர், ஏழு இல்லை. ஃபிரான்ஸ் உன்னையும் பிள்ளையையும் நிலவறைக்குள் இறக்கிக்கொண்டிருந்தான். நான் வயலில் இல்லை. கொட்டகை வாசலில் துப்பாக்கியோடு நின்றேன். ஃபிரான்ஸ் தலையில் தொப்பி இல்லாமல் ஓடிவந்து குழலைப் பிடித்தான். என் முகத்தைப் பார்த்து அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மைத்துனரே, இவ்வாயுதத்தை எறிந்துவிடும். நம்மைப் பகைக்கிறவனும் தேவசாயலாய்ப் படைக்கப்பட்டவனன்றோ."

பிடுங்கிக்கொண்டு கிணற்றைப் பார்த்து நடந்தான், உள்ளே போட. அதற்குள் அவர்கள் வாசலுக்குள் வந்துவிட்டார்கள். துப்பாக்கியும் கையுமாக ஒரு மனிதன் நிற்பதைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வெடி. நான் அப்போது குதிரைக்குப் பின்னால் வைக்கோலுக்குள் இருந்தேன். துப்பாக்கியையும் இரண்டு குதிரைகளையும் கொண்டுபோனார்கள். நீ நிலவறைக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தேன். வயலிலிருந்து ஓடிவந்தவன் மாதிரி மூச்சு வாங்கிக் காட்டினேன். நீ எனக்குத் தண்ணீர் கொடுத்தாய்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் பெரிய பொய் அந்த மூச்சுதான். அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் அதை மறைக்கப் போட்ட வைக்கோல். அந்தத் துப்பாக்கியை அவன் கையில் வைத்தே எழுதினேன். செத்தவனைச் சபையிலிருந்து விலக்க முடியாது, இல்லையா?

இன்று காலை ஆராதனையில் முழங்காலில் நின்று இதை வாசித்தேன். வாசித்து முடித்ததும் கிளாசன் பின்னாலிருந்து கேட்டான், "ஏப்பா இஸ்பிராண்ட், இதுல எத்தன குதிர நெசம்?" யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரித்துக் கேட்கவில்லை. "ரெண்டு" என்றேன். மூப்பர் ரெம்பல் என் முன்னால் குனிந்து, "இது ஆமா ஆமாவா?" என்றார். "ஆமா" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் நம்பினார்கள் என்று டீனா சொல்கிறாள்.

ஒரு வருடம் எனக்கு இராப்போஜனம் இல்லை. ஞாயிறு மாலைக் காப்பிக்கு யாரும் அழைக்க மாட்டார்கள், ரோட்டில் கைகொடுக்க மாட்டார்கள். நீதிபதிக்கு மூப்பரும் மூன்று சாட்சிகளும் கையெழுத்திட்ட பிரதி இத்துடன் இருக்கிறது. வாரத்தாளுக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

இஸ்பிராண்ட்

---

மானிட்டோபா
9 நவம்பர் 1941

அண்ணா,

டீட்ரிக்கை விட்டுவிட்டார்கள். சீருடை இல்லை, சிறை இல்லை. அரசாங்கக் காட்டில் முகாம் போட்டிருக்கிறார்கள், அங்கே பட்ட மரம் வெட்ட வேண்டும், ரோடு போட வேண்டும். செவ்வாய்க்கிழமை போனான். நீதிபதி உன் காகிதத்தை இரண்டு தடவை வாசித்தார். "இந்த மாதிரி தன்னையே காட்டிக்குடுத்து ஒருத்தன் பொய் சொல்ல மாட்டான்" என்றாராம். அவருக்கு உன்னைத் தெரியாது. ஆனாலும் சரியாகத்தான் சொன்னார்.

உன்னை மன்னித்தேன் என்று எழுத வேண்டும். சபை எதிர்பார்க்கிறது, மூப்பரும் இரண்டு தடவை வந்து போனார். ஜெபத்தில் சொல்லிப் பார்த்தேன். வாய் வருகிறது, நெஞ்சு வரவில்லை. நான் உனக்குத் தண்ணீர் கொடுத்தேன், இஸ்பிராண்ட். என் புருஷன் முற்றத்தில் கிடந்தான், நான் முதலில் உனக்குத் தண்ணீர் கொடுத்தேன். இதை மன்னிக்க எனக்கு இன்னும் நாள் வேண்டும். வராத மன்னிப்பை வந்துவிட்டது என்று எழுதினால், நானும் நீயும் ஒன்று.

ஆனால் ஒன்று எடுத்துக்கொண்டேன். அப்பத்தைக் கையில் வாங்கும்போது அந்த எண்ணெய் வாசனை இன்னும் வருகிறது. இப்போது அது என்னைக் கூனிக் குறுக வைப்பதில்லை.

இன்னும் ஒரே ஒரு விஷயம்.

ஃபிரான்ஸ் சொன்னதாக நீ எழுதிய வார்த்தையை இங்கே எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். மூப்பர் என்ஸ் அதை வைத்து முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். பெண்கள் என் கையைப் பிடித்து அழுதார்கள். டீட்ரிக் தன் பைபிளின் முதல் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டு முகாமுக்குப் போயிருக்கிறான். அப்பா என்று அவனுக்கு இருப்பது அந்த இரண்டு வரி மட்டும்தான்.

நானும் முதலில் அழுதேன். மறுநாள் பால் கறக்கும்போது நினைத்துப் பார்த்தேன். வேத ஜெர்மனில் பேசினானா, ஃபிரான்ஸ்? குதிரைக் கொட்டகையில்? "மைத்துனரே" என்று உன்னையா? கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் உன்னை எப்படிக் கூப்பிடுவான் என்று எனக்குத் தெரியாதா? அவன் வேத மொழி பேசியது ஞானஸ்நானத்தில் ஒரு தடவை, எங்கள் கல்யாணத்தில் ஒரு தடவை. இரண்டு தடவையும் திக்கினான். காப்பி ஆறிவிட்டது என்பதற்கு மேல் நீளமாக என்னிடமே பேசாதவன், நாலு குதிரை ரோட்டில் வரும்போது உனக்குப் பிரசங்கம் செய்தானா?

என் மகன் பைபிளில் ஒரு பொய் எழுதப்பட்டிருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆம் அல்லது இல்லை. இல்லை என்றால், அவன் உண்மையில் என்ன சொன்னான்? மூன்று வரிக்கு மேல் எழுதினால் வாசிக்க மாட்டேன்.

அகனேட்டா

---

சாகோ
4 ஜனவரி 1942

அகனேட்டா,

இல்லை. அந்த வார்த்தை நான் கட்டியது.

அவன் சொன்னது: "குடுடா இத, கழுத. புள்ள தூங்குது."

இஸ்பிராண்ட்